ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள்: சரக்கு வந்த தெருவும் அதன் வீடுகளும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: செப்டம்பரில் நீங்களும் மனைவியும் திருச்சியில் இருந்து கிளம்பி, ஜெர்மனியின் கொலோனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறீர்கள். போகும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் 3 நாள். மகளோ, “கால்வாய் பார்க்கணும்னா வெனிஸ் போங்கப்பா” என்கிறாள். ஆம்ஸ்டர்டாமில் படகில் ஒரு சுற்று வந்தால் போதாதா? மீதி நேரத்தில் என்ன செய்வது? மனைவிக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம், சமாளிக்க முடியுமா?

தாராளமாகச் சமாளிக்கலாம். முதலில் வெனிஸ் பேச்சை முடித்துவிடுவோம். வெனிஸின் அழகில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு பாலம், பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. முழங்கால் வலி உள்ளவர் மதியத்துக்குள் சோர்ந்துவிடுவார். ஆம்ஸ்டர்டாமிலும் ஆயிரத்துக்கு மேல் பாலங்கள் இருக்கின்றன. ஆனால் அவை வண்டி போகிற பாலங்கள், சரிவாக ஏறி சரிவாக இறங்கும். கொலோனுக்கு நேர் ரயிலும் உண்டு. ஆகவே உங்கள் திட்டமே சரி. வெனிஸை மகளோடு இன்னொரு தடவை வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் ஒரு சுற்று போதுமா என்றால், போதாது. ஒன்றும் தெரியாமல் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் செங்கல் சுவரும் ஜன்னலும் வரிசையாகக் கடந்து போகும். பாதியில் கண் சொக்கும். ஏறுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கால்வாய்கள் சரக்கு வந்து இறங்கிய தெருக்கள். கரையில் நிற்கும் வீடுகளில் பாதி வீடு, பாதி கிடங்கு. இதைப் பிடித்துக்கொண்டால் அந்த ஊரில் விசித்திரமாகத் தெரிகிற பல விஷயங்களுக்கு விடை கிடைத்துவிடும். உங்கள் ஹோட்டல் மாடிப்படி உட்பட.

ஊரின் நடுவே இருக்கிற ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்று பெரிய கால்வாய்களை 1613-ல் வெட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பதினோரு வருடம் முன்புதான், 1602-ல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பமாகியிருந்தது. பணம் வந்து கொட்டிக்கொண்டிருந்த நேரம். பழைய ஊருக்குள் இடம் போதவில்லை. ஆகவே பழைய அகழிக்கு வெளியே அரைவட்டமாகக் கால்வாய் வெட்டி, கரையைக் குறுகலான மனைகளாகப் பிரித்து விற்றார்கள். தண்ணீரை ஒட்டிய மனைக்குத்தான் விலை. எனவே முகப்பு சிறியது. வீடு பின்னால் நீண்டு, மேலே உயர்ந்து போகும். ஹேரன்கிராக்ட்டில் பெரும்பணக்காரர்கள், பிரின்சன்கிராக்ட்டில் கிடங்குகளும் சிறு வியாபாரிகளும், அதற்கும் வெளியே யோர்டான் பகுதியில் தொழிலாளர்கள். இன்று யோர்டானில் ஒரு சின்ன வீடு வாங்கவே பெரும்பணக்காரராக இருக்க வேண்டும் என்பது தனிக் கதை. 2010-ல் யுனெஸ்கோ இந்தக் கால்வாய் வளையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது ஏதாவது ஒரு வீட்டின் எதிரில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில், கூரை முனைக்குக் கீழே, ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இரும்புக் கொக்கி. அதில் கப்பி மாட்டி, கயிறு போட்டு, படகில் வந்த மூட்டையை நேராகப் பரணுக்கு ஏற்றுவார்கள். மூட்டை ஆடிக்கொண்டே மேலே போகும்போது கீழ் மாடி ஜன்னலில் மோதக்கூடாது இல்லையா? அதற்காக முன் சுவரையே தெருப்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினார்கள். வேண்டுமென்றே செய்த சாய்வு அது. பக்கத்து வீட்டின் மேல் தோளைச் சாய்த்து நிற்கும் வீடுகளும் நிறைய உண்டு. அந்தச் சாய்வை யாரும் திட்டமிடவில்லை, அடியில் மரக்கம்பம் உளுத்து அஸ்திவாரம் இறங்கிவிட்டது. முன்னால் சாய்ந்தால் கொத்தனார் கணக்கு, பக்கவாட்டில் சாய்ந்தால் காலத்தின் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டு படகில் உட்கார்ந்தால் தூக்கம் வராது. வீட்டுக்கு வீடு உங்கள் மனைவியும் நீங்களும் பந்தயம் கட்டலாம்.

அந்தக் கொக்கி காட்சிப்பொருள் இல்லை, இன்றும் வேலை செய்கிறது. வீடு மாற்றுகிறவர்கள் சோபாவையும் பீரோவையும் ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். கொக்கியில் கயிறு போட்டோ, ஏணி போன்ற மின்தூக்கி ஒன்றைச் சுவரில் சாய்த்தோ. காரணம், உள்ளே இருக்கும் மாடிப்படி. குறுகலான வீட்டில் படிக்கட்டுக்கு என்று இடம் ஒதுக்க யாருக்கு மனம் வரும்? செங்குத்தாக, பாதம் முழுதும் பதியாத அகலத்தில் படி வைத்து முடித்துவிட்டார்கள். இறங்கும்போது சிலர் பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

உங்களுக்கு இதுதான் முக்கியம். “கால்வாய் ஓரப் பாரம்பரிய வீட்டில் அறை” என்று விளம்பரம் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பெரும்பாலான பழைய வீட்டு ஹோட்டல்களில் லிஃப்ட் கிடையாது. படம் ரம்மியமாக இருக்கும், நான்காம் மாடிக்குப் பெட்டியோடு ஏறும்போது இருவருக்கும் சண்டை வரும். “லிஃப்ட் உண்டா, அறை வாசல் வரை வருமா” என்று எழுதிக் கேட்டுப் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். அறை வாடகையின் மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வரும். ஐரோப்பாவிலேயே மிக அதிகமான வரிகளில் அதுவும் ஒன்று. ஊருக்குள் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஹார்லெம் ஊரில் தங்குங்கள். ரயிலில் கால் மணி நேரம் சொச்சம்தான். அதுவும் கால்வாய் ஊர்தான், கூட்டம் குறைவு, சாயங்காலம் திரும்பிப் போனால் நிம்மதியாக இருக்கும். என்னைக் கேட்டால், காசு இருந்தாலும் ஹார்லெமையே சொல்வேன்.

சரி, படகு. மூன்று வகை உண்டு. மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகுகள் நிற்கும். ஒரு மணி நேரம், காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பதிவு விளக்கம். மழை பெய்தால் இதுதான் வழி. இரண்டாவது, பத்து இருபது பேர் உட்காரும் திறந்த படகு; ஓட்டுபவரே கதை சொல்வார். விலை கொஞ்சம் கூடுதல், கொடுக்கலாம். சின்னக் கால்வாய்களுக்குள் நுழையும், பாலத்துக்கு அடியில் போகும்போது தலையைக் குனிய வேண்டியிருக்கும், கரையில் உட்கார்ந்து பியர் குடிப்பவர் உங்களுக்குக் கையாட்டுவார். மூன்றாவது, நீங்களே ஓட்டும் சின்ன மின்படகு. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வலப்பக்கம் ஒதுங்கி ஓட்ட வேண்டும், எதிரே பெரிய படகு வந்தால் வழிவிட வேண்டும். நாம் சாலையில் இடப்பக்கம் பழகியவர்கள். முதல் தடவைக்கு இரண்டாவது வகையே சரி. முதல் நாள் மாலையே போய்விடுங்கள். பிறகு நடக்கும்போது எந்தக் கால்வாய் எங்கே என்று ஒரு வரைபடம் தலைக்குள் இருக்கும். ஏறும் இடத்தில் கரைக்கும் படகுக்கும் உயர வித்தியாசம் இருக்கும். முழங்கால் வலி என்று முன்பே சொன்னால் கை பிடித்து இறக்கிவிடுவார்கள்.

படகில் போகும்போது தண்ணீரையும் கவனியுங்கள். அலையும் இல்லை, ஓட்டமும் இல்லை. முழுக்க மதகுகளுக்குள் அடைத்து வைத்த தண்ணீர் அது. கார்ரே அரங்கத்துக்கு முன்னால் ஆம்ஸ்டல் ஆற்றின் குறுக்கே நிற்கும் மதகுகள் 17-ம் நூற்றாண்டில் கட்டியவை. மதகுகளை மூடித் திறந்து, புதுத் தண்ணீரை உள்ளே விட்டு, பழைய தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். மட்டம் ஏறினால் ஆபத்து என்பது புரியும். இறங்கினாலும் ஆபத்து. இந்த ஊர் மொத்தமும் சேற்றுக்குள் அடித்த மரக்கம்பங்களின் மேல் நிற்கிறது. தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் வரை மரம் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். காற்றுப் பட்டால் உளுத்துவிடும். டாம் சதுக்கத்தில் இருக்கும் அரண்மனை 1648-ல் நகர மன்றமாகக் கட்டத் தொடங்கியது. அதன் அடியில் மட்டும் 13,659 கம்பங்கள். வருடத்தின் 365 நாளுக்கு முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 9 என்று பிள்ளைகளுக்கு ஞாபகம் வைக்கச் சொல்லித் தருவார்கள்.

சரக்குப் படகுக்கும் குதிரை வண்டிக்கும் கட்டிய கரைச்சுவர்களில் இன்று லாரி ஓடுகிறது. 2020 செப்டம்பர் 1-ம் தேதி கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கரை அப்படியே சரிந்து கால்வாய்க்குள் விழுந்தது. கொஞ்ச நேரம் முன்புதான் அந்த வழியாக ஒரு சுற்றுலாப் படகு போயிருந்தது. யாருக்கும் காயம் இல்லை. அதற்குப் பிறகு கிலோமீட்டர் கணக்கில் கரைகளைப் பிரித்துக் கட்டுகிறார்கள். ஆகவே இரும்புத் தகடும் தடுப்பும் கிரேனும் படத்துக்குள் வந்து நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சைக்கிள்களையும் இந்தத் தண்ணீருக்குள் இருந்து கொக்கிப் படகு ஒன்று அள்ளுகிறது. கால்வாயின் ஆழம் மூன்று மீட்டர், அதில் ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், ஒரு மீட்டர் தண்ணீர் என்பது அந்த ஊர்க்காரர்கள் சலிக்காமல் சொல்லும் ஜோக். 52-ம் நம்பர் மெட்ரோவில் போனால் ரோக்கின் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். அந்தப் பாதை தோண்டும்போது பழைய ஆற்றுப்படுகையில் கிடைத்த கிட்டத்தட்ட 7 லட்சம் பொருள்களில் ஒரு பகுதியை எஸ்கலேட்டர்களுக்கு நடுவே கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாவி, பகடை, பல், புகைக்குழாய், செல்போன். அருங்காட்சியகம் ஒன்றையும் பார்க்க நேரமில்லை என்றாலும் இதைப் பாருங்கள்.

இரண்டாம் நாளை நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரெய்க்ஸ்மியூசியத்துக்கு ஒதுக்குங்கள். நுழைவு நேரத்தை இணையத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். லிஃப்ட் உண்டு, உட்கார இருக்கை உண்டு, முழங்காலுக்குத் தொந்தரவில்லை. எல்லோரும் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்கு ஓடுவார்கள். 1642-ல் வரைந்தது; 2019 முதல் அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, மக்கள் கண் முன்னாலேயே ஆராய்ச்சியும் பழுதுபார்ப்பும் நடத்துகிறார்கள். பாருங்கள், ஆனால் அங்கேயே நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள். நீங்கள் இருவராகப் போகிறீர்கள். கணவன் மனைவியாக நிற்கும் மூன்று படங்களைச் சொல்கிறேன். படகில் பார்த்த மாதிரி வீடுகளில் வாழ்ந்த ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று அவற்றில் தெரியும்.

முதலாவது, பிரான்ஸ் ஹால்ஸ் 1622 வாக்கில் வரைந்த ஐசக் மாசா, பெயாட்ரிக்ஸ் தம்பதி. மாசா ரஷ்யாவோடு வியாபாரம் செய்தவர். அந்தக் காலத்தில் தம்பதி படம் என்றால் ஆளுக்கு ஒரு சட்டத்தில், கருப்பு உடையும் இறுக்கமான முகமுமாக நிற்பார்கள். இவர்கள் இருவரும் ஒரே படத்தில், ஒரு தோட்டத்தில், மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் ஒரு கையை நெஞ்சில் வைத்திருக்கிறார். அவள் கை அவர் தோளில் சாவதானமாகக் கிடக்கிறது. முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. ஓவியர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். 400 வருடம் பழைய படம், நேற்று எடுத்தது போல இருக்கிறது.

இரண்டாவது, ரெம்பிராண்ட் கடைசிக் காலத்தில் வரைந்த ‘யூத மணப்பெண்’. இதில் சிரிப்பு இல்லை. அவன் கை அவள் மார்பின் மேல், அவள் விரல்கள் அந்தக் கையின் மேல், அவ்வளவுதான் படம். அவனுடைய சட்டைக் கையில் பெயிண்ட் மேடு மேடாக அப்பியிருப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். 1885-ல் ஓவியர் வான்கோ இங்கே வந்தபோது இந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு காய்ந்த ரொட்டித் துண்டோடு இதன் முன்னால் இரண்டு வாரம் உட்கார முடிந்தால் ஆயுளில் பத்து வருடத்தைக் கொடுப்பேன் என்று கூட வந்த நண்பரிடம் சொன்னாராம்.

மூன்றாவது, மார்ட்டன், ஊப்யன் என்ற இளம் தம்பதி. 1634-ல் ரெம்பிராண்ட் ஆளுயரத்தில், தனித்தனிப் படமாக வரைந்தார். 2016-ல் பிரான்ஸும் நெதர்லாந்தும் பாதிப் பாதி போட்டு 16 கோடி யூரோவுக்கு வாங்கின. இருவரையும் பிரிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே கொஞ்ச காலம் பாரிஸில் லூவ்ர், கொஞ்ச காலம் இங்கே என்று ஜோடியாகவே குடிபெயர்ந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் போகும்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மார்ட்டனின் சரிகையும் காலணிப் பூவும் சர்க்கரை ஆலைப் பணம். அந்தச் சர்க்கரை பிரேசிலில் அடிமைகள் வெட்டிய கரும்பு. அருங்காட்சியகமே 2021-ல் அடிமை முறை பற்றிய கண்காட்சியில் இந்தத் தம்பதியை நிறுத்தி அதைச் சொன்னது.

அப்புறம், அதே வளாகத்தில் தண்ணீர் சூழ்ந்த ஒரு சின்னக் கட்டடம் இருக்கும், ஆசியக் கலைக்கூடம். நிறையப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. உள்ளே நம்முடைய நடராசர் நிற்கிறார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி, ஐந்தடி உயரம், சுமார் 300 கிலோ. 1930-களில் ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் ஒன்று வாங்கி, இங்கே வைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடமா, முழுக்கக் கெட்டியா என்று பார்க்க 2013-ல் சிலையை லாரியில் ஏற்றி, ராட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னர்களை ஊடுருவிப் பார்க்கும் சுங்கத்துறை எக்ஸ்ரே வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். முழுக்கக் கன வார்ப்பு என்று தெரிந்தது. சுவாமிமலையில் எந்த ஸ்தபதியைக் கேட்டிருந்தாலும் ஒரு டீ நேரத்தில் சொல்லியிருப்பார். பூவும் இல்லாமல் பட்டும் இல்லாமல் உற்சவ மூர்த்தியை முழுதாகச் சுற்றி வந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கோயிலில் கிடைக்காது. முயலகனின் முகத்தைக் குனிந்து பாருங்கள். உங்கள் மனைவி கைகூப்பினால் காவலர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

நமக்கும் இந்தக் கால்வாய் வீடுகளுக்கும் இன்னும் நேரடியான தொடர்பு உண்டு. டச்சுக்காரர்களுக்கு இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளியை விட நம் சோழமண்டலக் கரைத் துணிதான் அதிகம் உதவியது. அதற்காகப் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், 1658-ல் போர்த்துகீசியரிடம் இருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள், 1781-ல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். துணி மட்டும் போகவில்லை. 1659-க்கும் 1661-க்கும் இடையில் தஞ்சைச் சீமை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நொறுங்கிய நேரத்தில், பட்டினி கிடந்தவர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி, பெரும்பாலோரை இலங்கைக்கும் சிலரைப் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கைசர்ஸ்கிராக்ட் 672-ல் வான் லோன் அருங்காட்சியகம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லெம் வான் லோனின் வம்சத்தார் வீடு. 1884-ல் மகனுக்குக் கல்யாணப் பரிசாக வாங்கித் தந்தது. ஒரு கால்வாய் வீட்டின் உள்ளே சமையலறை முதல் பின் தோட்டம் வரை எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. செப்டம்பர் இரண்டாவது வார இறுதியில் நாடு முழுக்கப் பழைய கட்டடங்களை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். உங்கள் தேதி பொருந்தினால், சாதாரண நாளில் கதவு திறக்காத வீடுகளுக்குள்ளும் போகலாம்.

ஆன் பிராங்க் வீடு பிரின்சன்கிராக்ட் 263-ல். நாஜிகளுக்குத் தப்பி, 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை, நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆனின் குடும்பம் ஒளிந்திருந்த பின்கட்டு இது. இதுவும் ஒரு வியாபாரக் கட்டடத்தின் பின்பகுதிதான். முன்னால் அலுவலகம், பின்னால் மறைந்த அறைகள். நீளமாகப் பின்னால் போகும் கால்வாய் வீடு என்பதால்தான் அந்த மறைவிடம் சாத்தியமானது. டிக்கெட் இணையத்தில் மட்டும். செவ்வாய்க்கிழமை தோறும், ஆறு வாரம் கழித்து வரும் நாள்களுக்கான சீட்டுகளைத் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளே படிகள் மிகச் செங்குத்து. உங்கள் மனைவிக்கு முடியாது என்று தோன்றினால் வற்புறுத்தாதீர்கள். வேண்டுமானால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பாலாடைக்கட்டி சைவம்தானே என்று நினைப்போம். பாரம்பரிய டச்சு சீஸில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். அது கூடாது என்றால் சைவ முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். பார்க்க நம் ஊர் போண்டா போல ஒன்று எல்லாக் கடையிலும் உருண்டுகொண்டிருக்கும். பிட்டர்பாலன் என்று பெயர், உள்ளே மாட்டிறைச்சி. பட்டாணி சூப்பிலும் பன்றி இறைச்சி கிடக்கும். பயப்பட வேண்டாம், உங்களைக் காப்பாற்ற சுரினாம்காரர்கள் இருக்கிறார்கள். 1873 முதல் கல்கத்தாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென் அமெரிக்காவில் இருந்த டச்சுக் காலனி சுரினாமுக்குப் போன போஜ்புரி, அவதி மக்களின் பேரப்பிள்ளைகள். 1975-ல் சுரினாம் விடுதலை அடைந்த சமயத்தில் பெருமளவில் இங்கே வந்தார்கள். அவர்களுடைய ரொட்டிக் கடைகளில் மெல்லிய பெரிய ரொட்டி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய், பூசணி என்று ஒரு தட்டு நிறையக் கொடுப்பார்கள். கூட அவித்த முட்டை வரும், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். கையால் சாப்பிடலாம். ஆல்பர்ட் கைப் சந்தையைச் சுற்றி இந்தக் கடைகள் உண்டு. அந்தச் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. இந்தோனேசியக் கடைகளில் சோயாவில் செய்யும் டெம்பே, டோஃபு, வேர்க்கடலைச் சாறு போட்ட காய்கறி கிடைக்கும். ஆனால் சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்புக்கு ஆப்பிள் கேக் ஒன்றே போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு விடாதீர்கள்.

ஊருக்குள் சுற்ற டிராம் வசதி. டிக்கெட் வாங்கக்கூட வேண்டாம், ஏறும்போது வங்கி அட்டையை எந்திரத்தில் தொட்டு, இறங்கும்போது மறுபடி தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். இருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். நிறையக் கடைகளில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள். மத்திய நிலையத்தின் பின்புறம் இருந்து ‘ஐ’ (IJ) என்ற நீர்நிலையைக் கடந்து போகும் படகுகள் முழுக்க இலவசம். வேலையே இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்த் திரும்புங்கள், காற்று நன்றாக இருக்கும். சிவப்பு நிறத் தரை சைக்கிள் பாதை. அதில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், டச்சுக்காரர்களின் பொறுமை அங்கேதான் தீரும். ‘காஃபிஷாப்’ என்று பலகை இருந்தால் அது கஞ்சா விற்கும் கடை. காபி வேண்டுமென்றால் ‘கஃபே’ என்று போட்டிருக்கும் இடத்துக்குப் போங்கள். சிவப்பு விளக்குப் பகுதி பழைய ஊரின் நடுவிலேயே இருப்பதால் தெரியாமல் நுழைந்துவிடலாம். பகலில் பிரச்சினை ஒன்றும் இல்லை, ஜன்னல்களைப் படம் மட்டும் எடுக்காதீர்கள்.

மாலையில் நடப்பதற்கு இரண்டே இடம் சொல்கிறேன். பிரவர்ஸ்கிராக்ட்: பழைய கிடங்குகள் வரிசையாக, பெரிய மரக்கதவு போட்ட ஜன்னல்களோடு அப்படியே நிற்கின்றன, இன்று எல்லாம் குடியிருப்பு. இன்னொன்று, ஹேரன்கிராக்ட்டும் ரெகுலியர்ஸ்கிராக்ட்டும் சேரும் முனை. அங்கே நின்றால் ஏழு பாலங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும், இருட்டியதும் வளைவுகளில் பல்பு எரியும். தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்த்தால்தான் ஏழும் ஒழுங்காக வரும். ஆகவே படகு அந்த வழியாகப் போகுமா என்று ஏறும் முன் கேளுங்கள். செப்டம்பரில் எட்டு மணி வாக்கில்தான் இருட்டும். குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலோனுக்கு ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயில் மத்திய நிலையத்தில் இருந்து கிளம்பும், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. இருக்கைப் பதிவு அதில் சேராது, தனியாகக் காசு கட்டி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடமாகப் போட்டுவிடுங்கள். பாதையில் வேலை நடந்து ரயில் நேரம் மாறுவது சகஜம். கிளம்பும் முந்தின நாள் இரவு மகளை ஒரு தடவை செயலியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.